ஐந்தும் ஆறும்

ராஜ்கோட்,
லாப பஞ்சமி, மாலை.

அன்புள்ள ரவ்ஜி அண்ணனுக்கு நாத்தாலால் எழுதுவது. ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. சூரத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் இடது கை விரல்கள் இப்போது மடங்குகின்றனவா? ஒரு வருடமாகக் கேட்கத் துணிவில்லாமல் இன்று கேட்கிறேன்.

மூடி வார்க்கும் மோல்டை மறுபடி மெஷினில் ஏற்றிவிட்டார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து மெஷின் ஓட்டத் தொடங்கிய போன லாப பஞ்சமியில் உங்கள் கை வெந்ததும், ராசியில்லாதது என்று மூலையில் போட்டார்களே, அதேதான். எண்ணெய் டப்பாக்காரர் ஐந்து லட்சம் மூடி கேட்டதும் சேட்டுக்கு ராசி மறந்துவிட்டது. முகூர்த்தம் பத்தே கால். அதற்குள் முதல் மூடி விழுந்து லட்சுமி படத்துக்கு முன் போக வேண்டும்.

சூட்டைக் கவனிக்கும் கண்ட்ரோலர் பெட்டி முதலில் தன்னைத்தானே சோதித்து முடிக்கட்டும், பிறகுதான் ஓட்டுவேன் என்று ஒன்பதே காலுக்கே சொன்னேன். சேட் எகிறினார். "டேய் நாத்தா, இந்த டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் போன வருஷம் யாருடா பாத்தீங்க? முகூர்த்தம் போச்சுன்னா வருஷம் பூரா நீயா எனக்குச் சோறு போடுவ?" என்றார். "பாக்காததாலதான் சேட், ரவ்ஜி அண்ணன் இன்னிக்கு சூரத்துல உக்காந்திருக்கார்" என்று என் வாய் முந்திக்கொண்டது. பூஜைக்கு வெல்லமும் தனியாவும் தட்டில் வைத்தபடி எல்லோரும் நின்றார்கள்.

ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினேன். மோல்டுக்குச் சூடு போகும் எட்டு இடங்களையும், எட்டு ஸோனையும், ஒவ்வொன்றாகச் சுட வைத்து, அந்தந்த இடத்துச் சென்சார்தான் பதில் சொல்கிறதா என்று பெட்டி பார்க்கும். ஒரு ஸோனுக்குப் பத்து நிமிடம். நான்கு வரை சரி. ஐந்துக்கு வரும்போது மணி பத்து பத்து. ஐந்துக்கு மின்சாரம் பாய்கிறது, ஐந்தின் எண் அசையவில்லை. ஆறின் எண் ஏறியது. முப்பது, நாற்பது, அறுபது. சிவப்பு விளக்கு எரிந்தது. முகூர்த்தமும் போயிற்று.

மோல்டின் பிளக்கைத் திறந்தேன். போன வருடத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. ஐந்தின் சென்சார் கம்பி ஆறில் இருந்தது, ஆறினுடையது ஐந்தில். மேலே மஞ்சள் டேப், முனை மடித்து ஒட்டியது. அப்படி மடிப்பவன் நான் ஒருவன்தான். "பொட்டலம் கட்றான் பாரு" என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். போன வருடம் தீபாவளியையொட்டிய தனதேரஸுக்கு முன் எல்லாம் பளபளக்க வேண்டுமென்று பெயின்ட் அடித்தோமே, அப்போது கம்பிகளைக் கழற்றினேன். கம்பிகளில் எண் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளில் பெயின்ட் பட்டுவிட்டது, கிழித்துப் போட்டேன். ஊருக்குப் போகும் அவசரத்தில் நினைவை நம்பி மாட்டினேன்.

ஐந்து இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பிப் பெட்டி அதைச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே கருகிய பிளாஸ்டிக்தான் உங்கள் கையில் சீறியது. அவசரத்தில் நீங்கள் சூட்டைக் கூட்டியதாகச் சொல்லித்தான் சேட் உங்களை வேலையை விட்டு அனுப்பினார். "நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டபோது ஆமென்று தலையை ஆட்டினேன். நான் பார்க்கவில்லை அண்ணா. பார்க்கவே இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

இன்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். "நடந்தது நடந்துபோச்சு, கம்பிய மாத்திட்டு வாய மூடிக்கிட்டு ஓட்டு" என்கிறார் சேட். மாட்டேன் என்றேன். பிளக்குக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரை கெடு. பிறகு பூட்டை உடைப்பாராம், என்னையும் அனுப்பிவிடுவாராம். வீட்டுக்காரி ரஞ்சன் பண்டிகைக்கு லாப்சி இனிப்பு கிண்டி வைத்திருக்கிறாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இதைச் சூரத் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன திட்டினாலும் தகும். ஆனால் திங்களுக்குள் வந்துவிடுங்கள். நீங்கள் கண்ணால் பார்க்கும் வரை அந்த ஐந்தையும் ஆறையும் நான் தொடமாட்டேன். உங்கள் கையால்தான் அவற்றை மாற்றி மாட்ட வேண்டும். விரல் மடங்காவிட்டால் கம்பியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

தம்பி என்று போடக் கை வராத,
நாத்தாலால்