வேலிக்குள் பிடுங்கிய கன்றுகள்

ஜனவரி 9

காலை ஏழு மணிக்கு, ஆய்வுக்காக வேலி போட்டு வைத்திருக்கும் மேல் கட்டத்துக்கு ஏறினேன். புல் நுனியில் வெறும் பனித்துளி, உறையவில்லை. இந்தக் குளிர்காலத்தில் உறைபனி விழுந்தது இதுவரை நாலே இரவு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் முப்பதைத் தாண்டியது. அப்போதெல்லாம் விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வேன். வெப்பமானி, மழைமானி இரண்டையும் குறித்தாயிற்று. முழங்கால் வலி. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

ஜனவரி 17

மேல் கட்டத்தில் இரண்டு மரக்கன்று. பிடுங்கினேன்.

ஜனவரி 22

ஆராய்ச்சி செய்யும் பெண் வந்திருக்கிறாள். மூன்று வருடமாக என் பதிவுகளை வைத்துத்தான் அவள் ஆய்வு நடக்கிறது. டீ குடித்துக்கொண்டே குச்சியால் மண்ணில் மலையை வரைந்தாள். சரிவில் எங்கள் நாலு கட்டம். கீழே மூன்றும் காட்டுக்குள், நாலாவது உச்சியில், வெறும் புல்லில். விதை எல்லா இடத்துக்கும்தான் வருகிறதாம், முளைக்கவும் செய்கிறதாம். உச்சியில் உறைபனி கன்றைக் கொன்றுவிடும், புல் மட்டும் தாங்கும். அதனால்தான் அது புல்மேடு, இது காடு.

“இப்ப உறைபனி கொறைஞ்சிடுச்சுண்ணா. பக்கத்து மலையில எல்லாம் கன்னு மேல ஏறிடுச்சு. நம்ம மேல் கட்டத்துல மட்டும் பதினோரு வருஷமா ஒன்னுகூட இல்ல. எங்க தப்பு பண்றேன்னே தெரியல.”

மீதி டீயை மண்ணில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனேன்.

ஜனவரி 23

நான்தான். ஒவ்வொரு வருடமும் நான்தான்.

இங்கே வருமுன் பூங்காவில் பதினைந்து வருடம் களை பிடுங்கிய கை இது. புல்லுக்கு நடுவே வேறு ஏதாவது தலை நீட்டினால் பொறுக்காது. காற்று கொண்டுவந்து போட்ட விதை, இங்கே இதற்கு என்ன வேலை என்று நினைத்தேன். பிடுங்கிவிட்டு ‘மரக்கன்று: 0’ என்று அலுவலகப் பதிவேட்டில் எழுதினேன். பொய் இல்லையே, நான் எண்ணும்போது ஒன்றும் இல்லைதானே — யாருக்கு இந்தச் சமாதானம்?

வேலிக்கு வெளியே முளைப்பதை மாடு மேய்ந்துவிடும். உள்ளே நான் மேய்ந்திருக்கிறேன்.

ஜனவரி 25

மனைவியிடம் சொன்னேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான், இப்போது வெளியே அனுப்பினால் என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“வேலை போனா போகட்டுங்க. அந்தப் பொண்ணோட மூணு வருஷம் போகக்கூடாது.”

ஜனவரி 26

ஆராய்ச்சிப் பெண்ணிடம் இன்று சொல்லவில்லை. அரை மணி நேரம் மழைமானியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 28

மேல் கட்டத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். முட்டி போட்டுப் புல்லை அளந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எந்த வருஷம் எத்தனைன்னு ஞாபகம் இருக்காண்ணா?”

ஞாபகமா! முந்தாநாள் போட்ட சட்டை எதுவென்றே எனக்குத் தெரியாது. இல்லையம்மா என்றேன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பாவி, அந்தக் குழந்தையை அழ வைத்துவிட்டேனே.

ஜனவரி 29

இன்று எழுத இந்த நோட்டைப் பிரித்தபோது பக்கம் பின்னால் புரண்டது. ஜனவரி 17: ‘இரண்டு மரக்கன்று. பிடுங்கினேன்.’

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான்!

கட்டிலுக்கடியில் இருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். பதினோரு வருடம், பதினோரு நோட்டு. முதல் இரண்டு வருடம் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ‘ஒரு கன்று, பாதி கருகியது’. ஆறாவதில் ஒன்பது. போன வருடம் முப்பத்தொன்று. அதோடு, விரல் விறைத்த ஒவ்வொரு காலையும் நான் புலம்பியிருக்கிறேன். உறைபனி எத்தனை நாள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

“நான் உங்களத் திட்டினதெல்லாம் அதுல இருக்குமே” என்றாள் மனைவி. இருக்கிறது என்றேன். பிறகு நோட்டுகளைப் பழைய துண்டில் அவளே மூட்டையாகக் கட்டினாள்.

ஜனவரி 30

ஆராய்ச்சிப் பெண் நோட்டுகளை வாங்கி, அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாயங்காலம் வரை படித்தாள். நடுவில் ஒரு முறை சிரித்தாள். எந்தப் பக்கம் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

“தேதி இருக்கு, எண்ணிக்கை இருக்கு. நடந்தத நடந்தபடியே எழுதிடலாம்ணா. நீங்க பிடுங்கினதையும் சேர்த்துதான்.”

எழுதம்மா என்றேன்.

பிப்ரவரி 20

மேலதிகாரியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது. மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தாள், ஏதோ பரிசுப் பத்திரம் மாதிரி.

செப்டம்பர் 3

அவள் ஆய்வு ஏற்கப்பட்டுவிட்டதாம். ஓர் இடத்தில் ‘கட்டத்தின் காவலர் கன்றுகளைப் பிடுங்கியிருக்கிறார்’ என்றும், அடுத்த வரியில் ‘அவரே எண்ணியும் வைத்திருக்கிறார்’ என்றும் இருக்கிறதாம். இரண்டும் உண்மைதான்.

ஜனவரி 17

ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்தக் குளிரில் உறைபனி மூன்று இரவு.

மேல் கட்டத்தில் எங்கு பார்த்தாலும் கன்று. ஒன்று என் கணுக்காலைத் தாண்டிவிட்டது. இவை மரமானால் நிழலில் இந்தப் புல் நிற்காது என்று அவள் சொல்லியிருக்கிறாள். புல்லைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் என் பாதம் பட்ட புல். கை தானாகக் கன்றுப் பக்கம் போயிற்று. இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். மரக்கன்று: 38.