ஆலய மண்டபத்தில் பதினேழு தூளிகள்

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் இனியவன் ஐயா அவர்களுக்கு,

சபைச் செயலாளர் பூங்கோதை எழுதுவது. தோத்திரம். நீங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சுகம்தானே? மலையில் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு மூச்சிரைப்பு உண்டு. கம்பளி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

நீங்கள் மாற்றலாகிப் போன இந்த இரண்டு வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லியிருக்கலாம். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

செய்தி இதுதான். நம் ஆலயத்தின் புது மண்டபத்தில் இப்போது பதினேழு தூளிகள் தொங்குகின்றன. பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள் காலை எட்டரைக்குப் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள், மாலை ஐந்தரைக்கு வந்து தூக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் கமிட்டியில் கேட்டு நாங்கள் மறுத்த அதே காரியம்.

போன நவம்பரில் ஆண்டு விழாவுக்குக் கோப்பைகள் செய்யச் சொல்ல ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ராஜம்மாள் என்ற பெண் காய்ந்த கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் வெண்பா, ஒன்றரை வயது, உடைந்த ஓடுகளை வைத்து விளையாடியது. நான் நிறம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளையைக் காணோம். அச்சில் ஊற்றக் கரைத்துவைத்த களிமண் குழம்பு, தரைமட்டத் தொட்டியில் இருந்தது. அதில் கொலுசு போட்ட ஒரு கால் மட்டும் தெரிந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தோள்வரை கையை விட்டு இழுத்தேன். மூக்கு, வாய், கண் எல்லாம் வெள்ளைச் சேறு. வாயில் விரல் விட்டு வழித்து, கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். நாலாவது தட்டில் கத்தினாள். அந்தச் சத்தத்தைவிட நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை, ஐயா.

ராஜம்மாள் பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்: "எங்கம்மா வுட்டுட்டு வரது? வூட்டுல யாரு இருக்காங்க?"

கமிட்டியில் நீங்கள் கேட்டதும் இதே கேள்விதான். புது டைல்ஸ் பாழாகும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று அன்றைக்கு எழுந்து சொன்னவள் நான்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் பயமில்லை என்றார். மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் மண்டபத்தைத் திறந்தேன். முதல் நாள் நாலு பிள்ளைகள் வந்தன. சேதி கேட்டுப் பொருளாளர் ராஜமாணிக்கம் அண்ணன் மூச்சு வாங்க வந்தார்.

"கமிட்டிய கேக்காம எப்படிம்மா தொறந்த?"

"கமிட்டிய இங்கயே கூட்டுங்கண்ணே. புள்ளைங்க முன்னாடி பேசிக்கலாம்."

சாயங்காலமே கூட்டினார். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் வெண்பா தத்தித் தத்திப் போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கேயே டைல்ஸை நனைத்துவிட்டாள். எல்லோரும் அண்ணன் முகத்தையே பார்த்தோம். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு, "தொடைக்கிற துணி எங்க இருக்குது?" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. அந்த வாரமே குறுக்கே இரும்புக் குழாய் மாட்டித் தூளி கட்ட வழி செய்து கொடுத்தவரும் அவர்தான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சாதிகா. அதே பட்டறையில் சாயம் தீட்டிக்கொண்டிருந்தவள். தன் மகன் அசீமை இங்கே விடப்போவதாகச் சொன்னதும், குவைத்தில் இருக்கும் அவள் கணவர் அமானுல்லா, மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயந்தாராம். ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார், பிறகு முடிவு செய் என்றேன். வந்தாள், பார்த்தாள், பட்டறை வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள். பதினேழு பிள்ளைகளும் அவள் தாலாட்டுக்குத்தான் தூங்குகின்றன. போன மாதம் விடுமுறையில் வந்த அமானுல்லா கொடிக்கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் சுமுகம் என்று சொல்லமாட்டேன். வேலை நாளில் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் இல்லை என்றதும் இரண்டு குடும்பங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. பேசுவார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளை பிறக்கும். எனக்குக் கவலையில்லை. மழைக்காலத்துக்குள் பின்புறம் குளியலறை கட்டிவிடுவோம்.

ஐயா, அந்தக் கமிட்டிக்குப் பிறகு உங்களை மாற்றச் சொல்லிப் பேராயருக்குப் போன மனுவை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும். என் கையெழுத்தை ஐந்து வருடம் சபைக் குறிப்பேட்டில் பார்த்தவர் நீங்கள். ஜங்ஷனில் ரயில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சபைய பாத்துக்குங்கம்மா, போயிட்டு வரேன்" என்றீர்கள்.

வரேன் என்று சொன்னீர்களே, வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். ஒரு வேலை நாளில், பிள்ளைகள் விழித்திருக்கும் பத்து மணிக்கு வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைத்து ஜெபியுங்கள். பதினேழும் முடிந்த பிறகு, மனம் இருந்தால், என் தலையிலும்.

கர்த்தரின் பணியில்,
பூங்கோதை