நாட்டார் பாட்டல்ல, எங்கள் அண்ணன் பாட்டு

என் அன்பு யோகண்ணா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோணிப் பாட்டு உங்களிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த நிம்மதியில்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பைலா ஆட்டத் தாளத்துக்குத் தமிழில் பாட்டுக் கட்டி, கிற்றாரும் ட்ரம்ஸுமாக ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, வாகரையிலிருந்து செட்டிபாளையம் வரை சனத்தை ஆடவைத்த மனுசன் நீங்கள். ஆனால் ஒருநாளாவது மேடையில் இது நான் எழுதியது என்று சொன்னீர்களா? கேட்டால், "சனம் பாடினாப் போதும் புள்ள" என்று சிரிப்பீர்கள். நல்ல சிரிப்பு! உங்கள் குரல் இருந்த ஒலிநாடாக்களை வீட்டோடு கடல் கொண்டுபோன பிறகு, நான் யாரிடம் எதைக் காட்டுவது? எங்கள் அண்ணன் எழுதியது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

போன சனிக்கிழமை பின்நேரம் நகர மண்டபத்தில் கல்குடாப் பிள்ளைகளின் கச்சேரி. பாடுகிற பிள்ளை லோஜினி, அடுத்தது எழுதியவர் யாரென்றே தெரியாத நாட்டார் பாடல், தங்கள் முதல் இசைத் தொகுப்பிலும் வரப்போகிறது என்று அறிவித்தாள். அதில் வரும் "தோமதாமதம்" தோணி வலிக்கிறவர்களின் பழைய சொல்லாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எழும்பி நின்று கத்திவிட்டேன், அது எங்கள் அண்ணன் கட்டின பாட்டு என்று. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை முகம் கோணாமல்தான் கேட்டாள்:

"அதுக்கு ஏதும் ஆதாரம் இரிக்கா, அன்ரி?"

ஒலிநாடாக்கள்தான் கடலோடு போய்விட்டனவே. தொகுப்பில் அப்படிப் போட்டுவிட்டால் உலகம் அதைத்தானே நம்பும்? பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

அப்போதுதான் என் பக்கத்துக் கதிரையிலிருந்து தோமா அண்ணன் எழும்பினார். உங்கள் ட்ரம்ஸ்காரத் தோமாவேதான். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு இப்போதுதான் ஊரைப் பார்க்க வந்திருக்கிறார்.

"அது பழைய சொல்லுமில்ல, ஒண்டுமில்ல புள்ள," என்றார். "'தோமா, தாமதம்! தோமா, தாமதம்!' எண்டு எனக்கு விழுந்த ஏச்சு."

நானும் அதை வெறும் சந்தச் சொல் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், அண்ணா. அவர் தாளம் பிந்தும் இடத்தில் நீங்கள் மைக்கிலேயே ஏசுவீர்களாம். சனம் அதையும் பாட்டென்று நினைத்துத் திருப்பிப் பாடியதாம். நீங்களும் சரியென்று விட்டுவிட்டீர்களாம்.

பிள்ளைகள் அவரைக் கைபிடித்து மேடையில் ஏற்றினார்கள். லோஜினி பாட, அவர் வாசித்தார். மனுசன் இந்த வயதிலும் அதே இடத்தில் பிந்தினார்! உங்கள் ஏச்சு அந்த இடைவெளியில் அச்சொட்டாகப் பொருந்தியது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

பிறகு அவள், இதைவிட வேறென்ன ஆதாரம் என்று சொல்லி, உங்கள் முழுப்பெயரையும் என்னிடம் கேட்டு, எழுதியவரும் இசையமைத்தவரும் இவரே என்று ஒலிவாங்கியில் சொன்னாள். தொகுப்பிலும் அப்படியே போடுவார்களாம். தோமா அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, ஏச்சு வாங்கினதுக்கு இவ்வளவு கைதட்டலா என்று கேட்டுக்கொண்டே வீடு வந்தார். அன்றைக்கு அவர் நேரத்துக்கு அடித்திருந்தால் இன்றைக்கு உங்கள் பெயர் எங்கே, சொல்லுங்கள்?

அண்ணா, நீங்கள் கண்மூடிய பிறகு அந்தப் பாட்டுக்கு நான் காவல் நின்றேனே தவிர, காலை ஒருநாளும் அசைக்கவில்லை. அடுத்த மாதம் சின்ன மகனுக்குக் கலியாணம். லோஜினியின் குழு வருகிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், நடுவில் நின்று ஆடுவேன். இது சத்தியம்.

காவல் முடிந்து களைப்பாறும்
உங்கள் ஒரே தங்கச்சி,
புஸ்பம்