போக மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நாங்கள் இங்கிருந்தும் நீ அங்கிருந்தும் கிளம்பிவந்து, ஐரோப்பாவில் எங்களுக்கு ஒரு வாரம் ஊர் சுற்றிக்காட்ட நீ போட்டு அனுப்பிய செலவுப் பட்டியலைப் பார்த்தேன். கையைக் கடிக்கும்போல் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பாதிதான் வைத்திருக்கிறாய், தண்ணீர் பாட்டில், காசு கொடுத்துப் போகும் கழிப்பறை, அறை வாடகைக்கு மேல் போடும் வரி, விமான நிலைய ரயில் எதையும் காணோம். இரண்டு மியூசியத்தைக் கழித்துவிட்டு இவற்றைச் சேர்த்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கட்டட கான்ட்ராக்டரிடம் முப்பது வருடம் எஸ்டிமேட் சரிபார்த்தவன் நான், எழுதியிருப்பதைவிட விட்டுப்போனதைத்தான் என் கண் முதலில் தேடும். எங்களுக்குப் போகவர டிக்கெட், உனக்குப் போக மட்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு பெரிய பெட்டி, அதற்குக் கூடுதல் கட்டணம். மாப்பிள்ளைக்கு எந்த வரியிலும் ஒரு காசு இல்லை. போன வருடம் வீடியோ காலில் உன் மணிக்கட்டு கன்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றாய், நானும் நம்பித் தொலைத்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன், அதுதான் தப்பாகிவிட்டது. நேற்று நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்திருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவராக அழைத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்குத் தெரியாம வந்து நிக்கப்போறேன், எந்த ஹோட்டல் அத்தை என்று கேட்டாராம். அம்மா பூரித்துப்போய், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த உன் பட்டியலை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டியிருக்கிறாள், விமானத்தின் தேதி, நேரம், இரண்டு பெட்டி உட்பட. எல்லாம் கேட்டுவிட்டு, எனக்குன்னு ஒண்ணுமே போடலையா என்று சிரித்தாராம். இப்போது அவளுக்கும் சொல்லிவிட்டேன், போன் பக்கமே போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திட்டாதே.

உன் போன் அவர் கைக்குப் போகும் என்றுதான் இதை ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அந்த ஹோட்டலும் வேண்டாம், அந்த விமானமும் வேண்டாம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று நீயே எழுதியிருக்கிறாய், போனால் போகட்டும். பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தால் பெட்டிகளை மறந்துவிட்டு ஆபீசிலிருந்தே கிளம்பி எங்களிடம் வந்துவிடு. ஊர் சுற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் செலவு என்னுடையது. ஒரு குறையும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் வேண்டுதல். கடிதத்தைக் கிழித்துப் போட மறக்காதே.

உன் வழி பார்த்திருக்கும்,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மாவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. டிக்கெட் போட்டுவிட்டாராம். அதே விமானம், போக மட்டும்.