அம்மா எடுக்காத மூணு கால்

அக்டோபர் 12, ஞாயிறு. மில்பிடாஸ், கலிபோர்னியா.

காலையில மலை ரோட்டு வளைவுல வேணும்னே வேகத்தைக் கூட்டினேன். ஜல்லியில பைக் சறுக்கிடுச்சு. ஹெல்மெட் பிளந்து தலை தப்பிச்சது. போன் நொறுங்கிடுச்சு. சைக்கிள்ல வந்த ஒருத்தர் நின்னு, வீட்டுக்குச் சொல்லச் சொல்லி தன் போனைக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர், கோயம்புத்தூர்ல இருக்கிற அம்மாவோடது. மூணு தடவை அடிச்சேன். எடுக்கலை.

இப்போ ராத்திரி, அம்மாவுக்கு அங்கே திங்கள் காலை விடிஞ்சதும், லேப்டாப்ல வீடியோ கால் பண்ணினேன். பைக் வாங்கினதே அம்மாவுக்குத் தெரியாது.

"நேத்து ராத்திரி ஏதோ வெளிநாட்டு நம்பர்ல இருந்து மூணு வாட்டி கூப்பிட்டாங்க கண்ணு. தெரியாத நம்பர்னா ஏமாத்துறவங்கன்னு நீதானே சொன்ன? நான் எடுக்கவே இல்லையே!" முகத்துல அவ்வளவு பெருமை.

"கரெக்டா பண்ணினம்மா"ன்னேன், கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வெச்சுக்கிட்டு.