புகார்ப் பெட்டிக்கு ஓர் உக்குலேலே

பிப்ரவரி 4

ஊமைக்கோட்டான் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்தது என்று ஊரார் திட்டுவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, "பதிவு செய்துகொண்டேன்" என்று சொல்கிறவள் நான். வீட்டுக்கு வந்தும் போனை எடுத்தால் உங்களிடமும் அதையேதான் சொல்வேன்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. டி.வி. போட்டால் அதிலும் யாராவது கத்துகிறார்கள். வார்த்தையே இல்லாத சத்தம் ஏதாவது வேண்டும் போலிருக்கிறது. எங்கள் பிரிவில் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் உக்குலேலே என்று கிடார் மாதிரி ஒரு குட்டி வாத்தியம் வாசிக்கிறாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கே ஒரு கடையில் ரோஜா நிறத்தில் பூப்போட்டது ஒன்று பார்த்தேன். வாங்கலாமா? வாத்தியம் ரிப்பேர் செய்கிறவரைக் கட்டிக்கொண்டதற்கு இதையாவது கேட்டுக்கொள்கிறேன்.

இதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஊர் வேலைக்குச் சம்மதித்துவிட்டு, பெட்டி கட்டும்போதுதான் என்னிடம் சொன்னீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
புகார்ப் பெட்டி


பிப்ரவரி 15

அன்புள்ள புகார்ப் பெட்டி,

பூப்போட்டதை வாங்காதே. சுவரில் மாட்டத்தான் லாயக்கு. கம்பியை முறுக்கினால் நிற்காமல் வழுக்கும். ரொம்பச் சின்னதான சோப்ரானோவும் உனக்கு வேண்டாம், விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அதற்கு அடுத்த அளவு கான்சர்ட். அதில் ஒன்றை எங்கள் கடையிலிருந்தே எடுத்து, நானே கம்பி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கம்பி என்று பேர்தான், எல்லாம் நைலான். புதுசு என்பதால் தினமும் சுருதி இறங்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதே. மறுபடி ஏற்று. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

ஜூனோடு இங்கே என் ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் எங்கே என்று தெரியவில்லை. கண்ணும் முன்பு மாதிரி இல்லை, கீழே விழுந்த திருகாணியைத் தேடியே பாதிப் பொழுது போகிறது.

அன்புடன்,
ஊமைக்கோட்டான்


மார்ச் 9

ஊமைக்கோட்டான் அவர்களுக்கு,

உக்குலேலே பத்திரமாக வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சுருதி இறங்கியது, நீங்கள் சொன்னபடி ஏற்றினேன். ஆனால் பாடப் புத்தகத்தில் இருக்கிற படத்துக்கும் உங்கள் கம்பிகளுக்கும் சம்பந்தமே இல்லை. சொன்ன இடத்தில் விரல் வைத்தால் நாராசமாக ஒரு சத்தம். என் மேல்தான் தப்பு என்று நினைத்து, வேலை முடிந்து வந்த அலுப்போடு தினமும் அதோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில் இங்கே இருக்கிற கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "யாருங்க போட்டது? நாலு கம்பியும் தலைகீழா இருக்கே" என்றார். என் வீட்டுக்காரர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர் என்றேன். எல்லாவற்றையும் கழற்றி, புத்தகத்தில் இருக்கிற வரிசையில் போட்டுக்கொடுத்தார்.

ஊரில் இருக்கிற வாத்தியத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். எனக்கென்று வரும்போது மட்டும் கவனம் எங்கே போகிறது? அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ஜூன் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கேள்வியா, தகவலா? தகவல் என்றால், பதிவு செய்துகொண்டேன்.

புகார்ப் பெட்டி


மார்ச் 20

அன்புள்ள பெட்டி,

கம்பி தலைகீழாக இல்லை. நீ இடது கைக்காரி. எழுதுவது, காய் நறுக்குவது, கதவு திறப்பது எல்லாம் உனக்கு அந்தக் கைதான். முழங்கை இடிக்கக் கூடாது என்றுதானே மேசையில் எப்போதும் உன் வலது பக்கம் உட்காருவேன்.

இடது கையால் மீட்டுகிறவர்களுக்குக் கம்பி வரிசையை மாற்றிப் போட வேண்டும். கம்பி உட்காரும் பள்ளங்களைக்கூட அரம் போட்டு உனக்காக மாற்றினேன். புத்தகத்தில் இருக்கிற படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதை எழுதவில்லை. செய்தால் போதும், நீயே தெரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். எனக்குச் சொல்ல வருவதில்லை.

ஜூன் பற்றி எழுதியது கேள்விதான். நான் வீட்டுக்கு வரலாமா?

ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 12

என்னங்க,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கோபம் இல்லை, களைப்பு. வலது கையால் மீட்டி மீட்டி, தத்தக்கா பித்தக்கா என்று இரண்டு பாடம் வந்துவிட்டது. திரும்பவும் கம்பியை மாற்றி, முதலிலிருந்து பழக வேண்டுமா என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. நம் விஷயமும் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதிரியாகப் பழகிவிட்டேன். நன்றாகப் பழகினேன் என்று சொல்லமாட்டேன்.

நேற்று உக்குலேலேயோடு அதே கடைக்குப் போய், இடது கை விஷயத்தைச் சொன்னேன். "மறுபடி மாத்தணுமா?" என்று கேட்டார். வேண்டாம், போட்டவரே வந்து மாற்றட்டும் என்றேன். யார் அது என்றார். என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாருங்கள். ஆனால் அந்தக் கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். அப்புறம், ஜூன் என்று மட்டும் எழுதினால் போதாது, தேதியை எழுதுங்கள். முன்கூட்டியே சொன்னால்தான் எங்கள் பிரிவில் லீவு தருவார்கள்.

உங்கள்,
புகார்ப் பெட்டி