பிளேடால் கீறிய ஓரம்

பெரியம்மா,

இன்று காலை எங்கள் சோதனை அறையில் ஒருவன் சூட்டைக் கவனிக்காமல் ஓர் அட்டையை அழுத்து இயந்திரத்திலேயே விட்டுவிட்டான். பிளாஸ்டிக் கருகி அறையெல்லாம் நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். காலைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அந்த நாற்றத்தை எனக்கு முன்பே தெரியும். மடுல்சீமையில், தோட்டத்து லயத்தில் வரிசையாய் ஒட்டிய அறைகளில் ஒன்றான நம் காம்பராவில், உங்கள் கண் முன்னால் அதைக் கிளப்பியவன் நான்தான்.

நான் செய்யும் வேலை உங்களுக்குக் கடைசிவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அடையாள அட்டையை யாரும் போலியாகச் செய்ய முடியாதபடி பார்த்துக்கொள்வது என்று சொன்னேன். சாய்த்தால் நிறம் மாறும் படம், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் எழுத்தென்று தெரியும் கோடு, ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் பூவேலை என்று அடுக்கினேன். "இம்புட்டையும் உள்ள ஒளிச்சி வச்சிட்டு, அப்புறம் ஆளை எங்கடா தேடுவீங்க?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. படிக்காத பேச்சு என்று நினைத்தேன்.

உங்களுக்கு அந்த அட்டை உடம்பில் ஒரு உறுப்பு மாதிரி. சண்டைக் காலத்தில் ஐடி இல்லாமல் பஸ்ஸில் பிடிபட்ட பெரியப்பாவை மூன்று நாள் பொலிஸில் வைத்திருந்தார்களாம். அன்றிலிருந்து குழாயடிக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவீர்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் விடவில்லை. கொழுந்து பறிக்கப் போகும்போது சொப்பிங் பையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொள்வீர்கள். மழையும் வியர்வையும் சேர்ந்து அட்டையின் ஓரம் பிரிந்து, உங்கள் முகத்தின் மேல் பழுப்பு ஏறியிருந்தது. லயத்தில் பாதிப் பேரின் அட்டை அப்படித்தான் கிடந்தது.

அப்போது நான் பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்த்தேன். கடை முதலாளி நானாவிடம் கேட்டு, பழைய லெமினேட் இயந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கி வந்தேன். நீங்கள் வாசலில் நின்று லயத்தையே கூப்பிட்டீர்கள். எங்க வீட்டு எஞ்சினியரு வந்திருக்கான், ஐடிக் காட்டை எல்லாம் கொண்டாங்க என்று. கொண்டு வந்தவர்கள் கொடுக்கத் தயங்கினார்கள்.

"மொதல்ல என்னோடதைப் போடு. கெட்டுப்போனாலும் எம் மவன்தானே" என்று நீட்டினீர்கள்.

கெட்டுத்தான் போனது. சூடு கூடிவிட்டது. உள்ளே இருந்த பழைய படலம் உருகி எழும்பி, படத்தில் உங்கள் நெற்றியில் ஒரு கொப்புளம் வந்தது. எனக்கு அவமானம். எல்லாரும் பார்க்கிறார்கள். பிளேடை எடுத்து ஓரத்தைக் கீறி, காற்றை வெளியேற்றி, மறுபடி அழுத்தினேன். கொப்புளம் போய்விட்டது. கெட்டிக்காரன் என்றார்கள். பிறகு சூட்டைக் குறைத்து மற்றவர்களுடைய அட்டைக்கெல்லாம் மேலுறை மட்டும் போட்டேன். அவற்றில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

படலத்தைக் கீறித் திறந்து மறுபடி ஒட்டுவதுதான் படம் மாற்றும் கள்ளன் செய்கிற வேலை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுக் காணிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்தது. பாடசாலை மண்டபத்தில் அரசாங்கத்தின் நடமாடும் சேவை. ஐடியைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் தனி வீட்டுக்குக் காணி உங்கள் பெயரில். பிறந்ததிலிருந்து பக்கத்துக் காம்பரா இருமலைக் கேட்டே தூங்கியவர் நீங்கள். முதல் நாளே வாசல் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிட்டீர்கள். நானும் கூட வந்தேன். அப்போது கொழும்பில் இந்த வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள், குற்றமில்லை என்ற பொலிஸ் சான்றிதழ் மட்டும் பாக்கி.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் உங்கள் அட்டைமேல் ஊதா விளக்கைப் பிடித்தார். உங்கள் முகத்துக்கு மேலே பூவேலை அறுந்திருந்தது. நகத்தால் ஓரத்தைத் தடவினார். கீறல் அகப்பட்டது. பக்கத்து மேசைக்காரரிடம், கிழவி கள்ள ஐடிக் காட்டு வைத்துக்கொண்டு வீடு கேட்டு வந்திருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். உங்களுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும் என்று அந்த மனுசனுக்குத் தெரியாது. கிராம சேவகர் இருந்தார், தோட்டத் தலைவர் இருந்தார், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு உங்களோடு முப்பது வருடம் நின்ற பெண்கள் பின்னால் வரிசையில் இருந்தார்கள். இந்த ஆள் இவர்தானா என்று ஒருவரையும் கேட்கவில்லை. விளக்கைக் கேட்டார், முடிந்தது. நினைக்கும்போதே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆனால் துப்புவதானால் என் மேல்தான் துப்ப வேண்டும்.

"இதை வெட்டி ஒட்டினது யாரு?" என்று கேட்டார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் கையில் இருந்த கோப்பைப் பார்த்தேன். பொலிஸில் ஒரு முறைப்பாடு விழுந்தால் என் சான்றிதழ் போய்விடும். அந்தக் கணக்கை ஒரு மூச்சில் போட்டு முடித்துவிட்டேன்.

"தெரியாது சேர். பதுளையில ஏதோ ஒரு கடை" என்றீர்கள்.

உங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தார்கள். பஸ்ஸில் நீங்கள்தான் முழங்கையால் இடித்து, "எஞ்சினியரு, அடுத்த தரம் சூட்டைக் கொறைச்சி வை" என்றீர்கள். நான் சிரித்தேன், பெரியம்மா. அது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சிரித்தேன்.

புதிய அட்டைக்கு எழுதிப்போட்ட கடிதம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. காணி பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனது. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களும் காம்பராவில் கிடந்தவர்கள்தான். எட்டு மாதத்தில் நீங்கள் அதே காம்பராவில் போய்ச் சேர்ந்தீர்கள். இறப்பைப் பதிய அதே அட்டையைக் கொண்டுபோனேன். விளக்கும் பிடிக்கவில்லை, ஓரத்தையும் தடவவில்லை. இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். செத்தது நீங்கள்தான் என்பதில் அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

போன வாரம் உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி. மாதிரிக்கு வைத்திருந்த அட்டைகளில் ஒன்றில் பிளேடு கீறல் இருந்தது. ஒரு பையன் பார்த்த உடனேயே கள்ள வேலை என்றான். இல்லையென்றும் இருக்கலாம், அட்டையைப் பார்க்கிற அளவுக்கு ஆளையும் பாருங்கள், ஊராரிடம் கேளுங்கள் என்று சொல்லி, உங்கள் கதையை முதல் தடவையாக முழுதாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒட்டியது நான் என்பதைச் சொன்னேன். பக்கத்தில் நின்றதையும் சொன்னேன்.

பின்வரிசையில் ஹாலிஎலப் பக்கத்துப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"சேர், கேட்டாங்கதானே. நீங்க ஏன் சொல்லல?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நீங்கள் ஒருநாளும் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி.

அன்றைக்கு மேசையில் இன்னும் ஒன்பது மாதிரி அட்டைகள் இருந்தன. அடுத்ததை எடுக்கச் சொன்னேன்.